வசதி யாருக்கு, சிரமம் யாருக்கு? எல்லையூர்ச் செயலித் தொழில் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரள-தமிழ்நாடு எல்லையில் உள்ள பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் பால் சங்கங்களுக்கும் மண்டிகளுக்கும் கடைகளுக்கும் கணக்கு மென்பொருள் செய்து கொடுப்பது என் தொழில். கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் வேலந்தாவளத்திலிருந்தும் பஸ் பிடித்துக் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் இளைஞர்களும், சொந்தமாகச் செயலி தொடங்க நினைக்கும் கடைக்காரர்களும், சங்கச் செயலாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில இரண்டே வரி. கேள்வியின் தகுதி அப்படி.

"தயாரிப்புச் சிந்தனை" என்று எல்லோரும் சொல்கிறார்கள். நிரல் எழுதத் தெரிந்தால் போதாதா?

நிரல் எழுதத் தெரியத்தான் வேண்டும். ஆனால் அதோடு முடிவதில்லை. வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த பட்டியலைச் செய்து முடித்துப் பணம் வாங்குவது ஒப்பந்த வேலை. எதைச் செய்வது என்று அங்கே முடிவெடுப்பவர் வேறொருவர். சொந்தமாக ஒரு பொருளைச் செய்து பலருக்கு விற்கத் தொடங்கினால் அந்த முடிவு உங்கள் தலையில் விழும்; அதை எடுக்கும் திறமைதான் தயாரிப்புச் சிந்தனை. எதைச் செய்யாமல் விடுவது என்பதே அதில் பாதி.

என்னைக் கேட்டால் இதன் மையத்தில் இருப்பது ஒரு கேள்விதான்: ஒரு வேலையில் உள்ள சிரமத்தை யார் சுமப்பது? சிரமம் மாயமாய் மறைவதில்லை. ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாறுகிறது. ஸெராக்ஸ் பார்க் ஆய்வகத்திலும் ஆப்பிளிலும் பணியாற்றிய லாரி டெஸ்லர் 1980களில் இதை ஒரு விதியாகவே சொன்னார். நாம் கணினியில் தினமும் செய்கிற வெட்டி ஒட்டும் வேலைக்கு வழிவகுத்தவர்களில் ஒருவர் அவர். எந்தப் பயன்பாட்டிலும் குறைக்கவே முடியாத ஓர் அளவு சிக்கல் உண்டு. அதைப் பயன்படுத்துபவர் சமாளிப்பதா, உருவாக்கியவர் சமாளிப்பதா என்பதை மட்டுமே நாம் தீர்மானிக்க முடியும் என்பது அந்த விதி. லட்சக்கணக்கானோர் ஆளுக்கொரு நிமிடம் வீணாக்குவதைவிட ஒரு பொறியாளர் கூடுதலாக ஒரு வாரம் உழைப்பது மேல் என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுதான்.

இதற்கு நம் ஊரில் ஓர் எடுத்துக்காட்டு சொல்ல முடியுமா?

வாளையாறு. ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1இல் வந்து வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்படும்வரை அங்கே லாரிகள் நின்ற வரிசையை இந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. சரக்கு யாருடையதோ, வரி யாருடையதோ, வெயிலில் காத்துக் கிடந்தவர் ஓட்டுநர். 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு மின்வழி ரசீது (இ-வே பில்) கட்டாயமானது. சாவடியில் நடந்த வேலை சரக்கு அனுப்பும் கடையின் கணினிக்கு வந்து சேர்ந்தது. இப்போது வாகன எண்ணை உள்ளிடுபவர் கணக்கர். நடுவழியில் லாரி பழுதாகி வேறு வண்டியில் சரக்கை மாற்றினால் அதைத் திருத்த வேண்டியவரும் அவர்தான், இல்லாவிட்டால் சரக்கை ஏற்றிச் செல்லும் லாரி நிறுவனம்.

இது நல்ல மாற்றம் என்பேன். ஏனென்றால் தகவல் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் வேலை போயிருக்கிறது. சரக்கின் விலையும் வாங்குபவரின் எண்ணும் கணக்கருக்குத் தெரியும், ஓட்டுநருக்குத் தெரியாது. ஆனால் அத்தோடு நின்றுவிட்டால் மென்பொருள்காரருக்கு வேலை இல்லை. கணக்கர் ஏற்கெனவே பில்லில் தட்டச்சு செய்ததை மின்வழி ரசீதுக்காக மறுபடியும் தட்டச்சு செய்யாதபடி பார்த்துக்கொள்வது நம் பங்கு.

பொத்தான்களைக் குறைப்பதுதானே வசதி?

பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். அமேசான் ஒரே சொடுக்கில் பொருள் வாங்கும் முறைக்கு 1997இல் விண்ணப்பித்து 1999இல் காப்புரிமை பெற்றது. அடுத்த ஆண்டே ஆப்பிள் அதற்கு உரிமம் வாங்கியது. 2017இல் காப்புரிமை காலாவதியாயிற்று. இன்று யார் வேண்டுமானாலும் அந்தப் பொத்தானை வைக்கலாம். வைத்தும் பலருக்கு அது பலிக்கவில்லை. முகவரியும் அட்டை விவரமும் பத்திரமாகச் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும், அடுத்தடுத்து அழுத்திய ஆர்டர்கள் ஒன்றாகச் சேர வேண்டும், கைதவறி அழுத்தியவர் மனம் மாற இடம் இருக்க வேண்டும், திருப்பி அனுப்பினால் பணம் வர வேண்டும். இவ்வளவையும் நிறுவனம் சுமந்தால்தான் வாடிக்கையாளர் ஒரு சொடுக்கோடு நிறுத்திக்கொள்ள முடியும். பின்னால் ஒன்றுமில்லாமல் பொத்தானை மட்டும் வைத்தால் அது புகார் எண்ணுக்குப் போகும் குறுக்குவழி.

சில இடங்களில் ஒரு படியைச் சேர்ப்பதுதான் வசதி. யு.பி.ஐ.யில் பணம் அனுப்புமுன் பெறுபவரின் பெயர் திரையில் வருகிறதே, அது கூடுதல் படிதான். அதை எடுத்துவிட்டால் ஓரிரு நொடி மிச்சம், நிம்மதி போய்விடும். பால் சங்கத்தில் பட்டுவாடா நாளன்று எல்லா உறுப்பினர்களுக்கும் ஒரே நேரத்தில் பணம் போகிறது. அங்கே மொத்தத் தொகையை எண்ணிலும் எழுத்திலும் காட்டி "சரிதானா?" என்று கேட்காத மென்பொருளை நான் வாங்க மாட்டேன்.

வாடிக்கையாளரிடமே என்ன வேண்டும் என்று கேட்டுவிடலாமே?

கேளுங்கள். ஆனால் கேட்கும் இடத்தையும் நேரத்தையும் பொறுத்துப் பதில் மாறும். மதியம் அலுவலகத்தில் உட்கார்ந்து கேட்டால் சங்கச் செயலாளர் வண்ண வரைபடம் வேண்டும் என்பார், செயலி வேண்டும் என்பார், பக்கத்துச் சங்கத்தில் உள்ளதெல்லாம் வேண்டும் என்பார்.

காலை ஆறு மணிக்கு அதே சங்கத்தில் பால் ஊற்றும் இடத்தில் நின்று பாருங்கள். வரிசையில் எவர்சில்வர் தூக்குகள். முன்னால் நிற்கும் அம்மா பாலை ஊற்றும்போதே உறுப்பினர் எண்ணை உரக்கச் சொல்கிறார். எடைக்கருவியில் எண் நிற்பதற்குள் அடுத்தவர் தூக்கின் மூடியைத் திறந்துவிடுகிறார். மாதிரிப் பால் பகுப்பாய்வுக் கருவிக்குள் போகிறது, கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) இரண்டும் வந்ததும் விலை கணக்காகித் துண்டுச்சீட்டு வெளியே வர வேண்டும். பதிவு செய்பவரின் விரல்கள் பாலிலும் தண்ணீரிலும் நனைந்திருக்கின்றன. ஈரவிரலைத் தொடுதிரை ஒழுங்காக உணராது. 4ஐத் தொட்டால் ஒன்றும் நடக்காது, துடைத்துவிட்டுத் தொட்டால் இரண்டு முறை விழும். அவர் புறங்கையால் திரையைத் துடைக்கிறார், வரிசை முணுமுணுக்கிறது. சீட்டை வாங்கியவர் அதை வெளிச்சத்துக்கு நீட்டிப் பிடித்துக் கொழுப்பு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு நடக்கிறார்.

இந்த அரைமணி நேரம் சொல்லிக்கொடுப்பதை எந்தக் கூட்டமும் சொல்லாது. அங்கே தேவை, அழுத்தினால் சத்தம் கேட்கிற தனி எண்பலகை. சில நூறு ரூபாய்ச் சாமான். பெயரால் தேடும் வசதி தேவையில்லை, எண் போதும். துண்டுச்சீட்டில் கொழுப்பு எண் பெரிதாக இருக்க வேண்டும். சங்கத்தின் முத்திரையும் முழக்கமும் சிறிதாக இருந்தால் யாரும் வருந்த மாட்டார்கள். எடையையும் கொழுப்பையும் கருவியிலிருந்தே நேராக எடுத்துக்கொண்டால் கையால் எழுதும் தவறும் போகும், கையால் எழுதும் தந்திரமும் போகும். செயலாளர் கேட்ட வண்ண வரைபடத்தைப் பிறகு செய்து கொடுக்கலாம். மாதம் ஒருமுறை திறப்பார்.

எத்தனை பேரிடம் சோதித்துப் பார்த்தால் போதும்?

பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதியது இன்றும் கைகொடுக்கிறது. ஐந்து பேரை உட்காரவைத்துச் சோதித்தாலே சிக்கல்களில் சுமார் 85 விழுக்காடு வெளிப்பட்டுவிடும்; மிச்சக் காசைத் திருத்திவிட்டு மறுபடி சோதிக்கச் செலவிடுங்கள் என்றார். பலர் இதில் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள். பயனர்கள் வெவ்வேறு வகையினர் என்றால் ஒவ்வொரு வகையிலும் தனியாகச் சோதிக்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். நம் ஊரில் வகைகள் அதிகம்: தமிழ் மட்டும் படிப்பவர், மலையாளம் மட்டும் படிப்பவர், இரண்டும் பேசி எதையும் படிக்காதவர், இரண்டு எழுத்துகளையும் சரளமாகப் படித்துவிட்டுத் தொலைபேசியை ஆங்கிலத்தில் வைத்துக்கொள்பவர். உங்கள் அலுவலக நண்பர்கள் ஐவரிடம் காட்டியது சோதனையில் சேராது.

எங்கள் பயனர்களுக்கு மொழி தமிழா, மலையாளமா?

அவர்களைக் கேளுங்கள், இருப்பிடத்தைக் கேட்காதீர்கள். செயலி தொலைபேசியின் இருப்பிடத்தைப் பார்க்கிறது, கேரளம் என்று அறிகிறது, மலையாளத்தில் விரிகிறது. எருத்தேன்பதியில் தமிழ்வழிப் பள்ளியில் படித்தவர் முன் அது விரிந்தால் அவர் பேரனைக் கூப்பிடுவார். சிம் கார்டு எந்த மாநிலத்தது என்று பார்ப்பதும் பயன்படாது. வேலந்தாவளத்தில் இருப்பவர் கையில் தமிழ்நாட்டு எண் இருப்பதும், எட்டிமடையில் இருப்பவர் கையில் கேரள எண் இருப்பதும் இங்கே சகஜம்.

முதல் திரையில் மொழிப்பெயர்கள் அந்தந்த எழுத்திலேயே இருக்கட்டும். பின்னர் மாற்றும் இடம் அமைப்புகளுக்குள் மூன்றாம் அடுக்கில் புதைந்திருக்கக் கூடாது. ஆண்ட்ராய்டு 13 முதல், அதாவது 2022 முதல், ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி மொழி வைக்கும் ஏற்பாடு அந்த இயங்குதளத்திலேயே இருக்கிறது. அதை உங்கள் செயலி மதித்தாலே பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று, அச்சு. துண்டுச்சீட்டு அடிக்கும் மலிவான வெப்ப அச்சுக்கருவிகள் பலவற்றுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. எழுத்தாக அனுப்பினால் கேள்விக்குறிகளும் கட்டங்களும் விழும். சீட்டை முழுக்கப் படமாக மாற்றி அனுப்ப வேண்டும். 58 மில்லிமீட்டர்க் காகிதத்தில் குறுக்கே 384 புள்ளிகள்தான் இடம். தமிழ்ச் சொற்களின் நீளத்தைக் கணக்கில் வைத்து வரிகளை அமைக்க வேண்டும். படமாக அச்சிட நேரம் கொஞ்சம் கூடும். ஆங்கிலத்தில் அடித்தால் அந்த நேரம் நமக்கு மிச்சம், ஆனால் சீட்டைப் படிக்க ஆள் தேடுவது அந்த அம்மாவின் பாடு. படமாகவே அடியுங்கள்.

பெயர்ப் படிவத்தில் ஏன் எப்போதும் தகராறு வருகிறது?

படிவத்தை வரைந்தவருக்குக் குடும்பப்பெயர் இருந்தது. நம்மில் பலருக்குக் கிடையாது. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்து இரண்டும் கட்டாயம் என்றால் முருகன் என்ன செய்வார்? தந்தை பெயரைப் போடுவார், அல்லது முற்றுப்புள்ளி வைப்பார், அல்லது முருகன் முருகன் ஆவார். எல்லையில் இன்னொரு சிக்கல்: தலைப்பெழுத்தைத் தமிழ்நாட்டில் பெயருக்கு முன்னால் எழுதுகிறோம், கேரளத்தில் பின்னால் எழுதுவது வழக்கம். பொள்ளாச்சியில் படித்துவிட்டுச் சித்தூரில் ரேஷன் அட்டை வைத்திருப்பவரின் பெயர் ஓர் ஆவணத்தில் கே. முருகன், மற்றதில் முருகன் கே. கணினி இரண்டு பேர் என்கிறது.

பெயருக்கு ஒரே கட்டம் போதும். ஒப்பிடும்போது புள்ளி, இடைவெளி, தலைப்பெழுத்தின் இடம் ஆகியவற்றைப் பொருட்படுத்தாமல் ஒப்பிடும் நிரலை எழுதுவது உங்களுக்கு ஒரு நாள் வேலை. எழுதாவிட்டால் முருகன் இரண்டு மாநில அலுவலகங்களுக்கும் நடப்பார்.

ஓ.டி.பி. பாதுகாப்பானதுதானே? எல்லா இடத்திலும் வைத்துவிடலாமா?

இணையத்தில் அட்டை வழிப் பணத்துக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி 2009லேயே கட்டாயமாக்கியது. பணம் நகரும் இடத்தில் அது நியாயம். ஆனால் இன்றைய பால் விலையைப் பார்க்கவும், பழைய ரசீதை எடுக்கவும், புகார் எழுதவும் ஓ.டி.பி. கேட்பது காவலாளிக்கு வேலை கொடுப்பதற்காகத் திருடனைக் கற்பனை செய்வது. ஓ.டி.பி. போகும் தொலைபேசி, பால் ஊற்றும் அம்மாவின் கையில் இருக்கும் என்று யார் சொன்னது? எண் மகனுடையது, மகன் திருப்பூரில் இருக்கிறான். "தம்பி, ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லு" என்று அம்மா அழைக்கும்போது அவன் இரவுப்பணி முடிந்து தூங்கிக்கொண்டிருப்பான். யார் கேட்டாலும் எண்ணைச் சொல்லிவிடும் பழக்கமும் இப்படித்தான் வருகிறது. பிறகு மோசடிக்காரர்கள் ஏமாற்றும்போது மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்கிறோம்.

யு.பி.ஐ. மட்டும் ஏன் கிராமம்வரை போய்ச் சேர்ந்தது?

தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் 2016 ஏப்ரலில் அதை அறிமுகம் செய்தது. அதற்கு முன்பும் கைபேசியில் பணம் அனுப்ப முடிந்தது. ஆனால் வங்கிக் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு எல்லாம் வாடிக்கையாளர் ஒப்பிக்க வேண்டியிருந்தது. பெறுபவரின் வங்கி எது, எந்தக் கிளை என்று தேடும் வேலையை யு.பி.ஐ. அமைப்பே எடுத்துக்கொண்டது. அனுப்புபவருக்குக் கைபேசி எண்ணோ கியூ.ஆர். கட்டமோ போதும் என்றாயிற்று. எந்தச் செயலியிலிருந்தும் எந்த வங்கிக்கும் அனுப்பலாம் என்பது இன்னொரு காரணம். 2020 ஜனவரி முதல் கடைக்காரருக்குக் கட்டணம் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது; இலவசம் என்றால் நம்மவர்கள் கற்றுக்கொள்ளும் வேகமே தனி. இணையம் இல்லாத சாதாரண கைபேசிக்காரர்களுக்கு யு.பி.ஐ. 123பே 2022 மார்ச்சில் வந்தது.

என் மனத்தைக் கவர்ந்தது கடைகளில் "நூறு ரூபாய் பெறப்பட்டது" என்று சத்தமாகச் சொல்லும் ஒலிப்பெட்டி. பணம் வந்ததா என்று கடைக்காரர் தொலைபேசியை எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. மாவுக் கையோடு தோசை வார்ப்பவர் எப்படி எடுப்பார்? பணம் அனுப்பியதாகப் போலியான திரைப்பிடிப்பைக் காட்டி ஏமாற்றுவோரும் இருந்தார்கள். பெட்டி அந்த வேலையைத் தானே ஏற்றது. வாங்கியவருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இருவர் காதிலும் ஒரே நேரத்தில் விழுகிறது. யாரும் கற்றுக்கொள்ள அதில் ஒன்றுமே இல்லை.

இரண்டு மாநிலத்திலும் வாடிக்கையாளர்கள். வரிக் கணக்கை எப்படி எளிதாக்குவது?

காய்கறிக்கும் பாலுக்கும் இந்தத் தலைவலி இல்லை, இரண்டுக்கும் வரிவிலக்கு. மோட்டார், குழாய், பெயின்ட் விற்பவர்களுக்குத்தான். கேரளக் கடை கேரளத்துக்குள் விற்றால் மத்திய, மாநில வரி இரண்டாகப் பிரியும். எல்லைக்கு அப்பால் அனுப்பினால் ஒருங்கிணைந்த வரி. பில் போடும் பையனிடம் ஒவ்வொரு முறையும் "எந்த வரி?" என்று கேட்கும் மென்பொருள்களைப் பார்த்திருக்கிறேன். கேட்கவே வேண்டாம். பதிவு பெற்ற வணிகரின் ஜி.எஸ்.டி. எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலக் குறியீடு: கேரளம் 32, தமிழ்நாடு 33. அதைப் பார்த்து மென்பொருளே தீர்மானித்து வைக்கட்டும். சரக்கு இறங்கும் இடம் வேறாக இருந்தால் மாற்றிக்கொள்ள ஒரு வழி மட்டும் விடுங்கள். அதையும் மின்வழி ரசீதுக்கான முகவரியோடு சேர்த்துவிட்டால் ஒரே இடத்தில் முடியும்.

செயலியைப் பயன்படுத்துபவர் வேறு, பயன்பெறுபவர் வேறு என்றால் யாருக்காக வடிவமைப்பது?

நல்ல கேள்வி, அடிக்கடி கேட்கப்படுவதில்லை, ஆனால் கேட்கப்பட வேண்டும். கேரளத்தில் 2002இல் மலப்புறம் மாவட்டத்தில் தொடங்கிய அக்ஷயா என்னும் பொதுச்சேவைக் கணினி மையங்களை நினைத்துக்கொள்ளுங்கள். குடிமக்களுக்காகச் செய்யப்படும் அரசு இணையதளங்களில் விவரம் நிரப்புபவர் பெரும்பாலும் அந்த மையத்துப் பெண். விண்ணப்பதாரர் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். முதல்முறை வருபவருக்கென்று அன்பாக வைத்த வரவேற்பு வாசகங்களும் வழிகாட்டிப் படங்களும் நாள் முழுக்க அதையே செய்பவருக்கு வேகத்தடை. அவருக்கு விசைப்பலகையிலேயே கட்டம் விட்டுக் கட்டம் தாவ வேண்டும், பாதியில் நிறுத்திவிட்டு அடுத்தவரைக் கவனிக்க முடிய வேண்டும், கோப்பு பெரிதென்றால் தானே சுருங்க வேண்டும். விண்ணப்பதாரருக்கு வேண்டியது, வீட்டுக்குப் போனபின் "உங்கள் விண்ணப்பம் வந்து சேர்ந்தது" என்று அவர் படிக்கும் மொழியில் ஒரு குறுஞ்செய்தி. இரண்டு பேர், இரண்டு வடிவமைப்பு.

எவ்வளவு வேகம் இருந்தால் போதும்?

நீல்சன் 1993இல் தொகுத்த அளவுகள் இன்னும் மாறவில்லை, மனித மூளை மாறாததால். 0.1 விநாடிக்குள் பதில் வந்தால் உடனடி என்று தோன்றும். 1 விநாடிவரை எண்ணவோட்டம் அறுபடாது. 10 விநாடி தாண்டினால் ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார். மலைச்சரிவிலும் எல்லையோரத்திலும் சிக்னல் வரும், போகும். ஆகவே பதிவை முதலில் கருவியிலேயே சேமித்துச் சீட்டைக் கொடுத்துவிட்டு, இணையம் வரும்போது மேலே அனுப்புங்கள். ஒரே பதிவு இரண்டு முறை போனாலும் ஒன்றாகவே கணக்காகும்படி ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் கொடுக்க வேண்டும். சுழலும் வட்டத்தை அழகாக வரைவதில் நேரம் செலவிடாதீர்கள்.

வாட்ஸ்அப்பிலேயே எல்லாம் நடக்கிறதே, தனிச் செயலி எதற்கு?

பல கடைகளுக்குத் தேவையில்லை. முதலமடை மாந்தோப்பிலிருந்து பழப்பெட்டி கேட்கும் வாடிக்கையாளர் ஆண்டில் ஓரிரு முறைதான் கேட்பார். அதற்காக ஒரு செயலியைத் தொலைபேசியில் வைத்திருக்க மாட்டார். தினமும் கணக்கு ஏறும் இடத்தில் மட்டும் தனி மென்பொருள் நியாயம்.

விலகுவதைக் கொஞ்சம் கடினமாக்கினால் வருமானம் நிற்குமே?

நிற்கும், கொஞ்ச நாள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30இல் இத்தகைய தந்திரங்களுக்கு எதிராக வழிகாட்டுதல்களை அறிவித்தது. 13 வகைகளைப் பட்டியலிட்டது. "இன்னும் 2 மட்டுமே மீதம்" என்ற பொய் அவசரம், கூடையில் கேட்காத பொருளை நுழைப்பது, கடைசித் திரையில் புதிதாகக் கட்டணம் முளைப்பது, சந்தாவிலிருந்து வெளியேற விடாமல் அலையவிடுவது எல்லாம் அதில் உண்டு. அதே ஆண்டு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் தருவது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. சட்டத்தை விடுங்கள். சந்தையன்று வேலந்தாவளத்தில் ஒரு மண்டிக்காரர் வயிறெரிந்து சொல்வது மாலைக்குள் பொள்ளாச்சிவரை போய்விடும். வாடிக்கையாளர் விலகும்போது அவருடைய கணக்கு முழுவதையும் எக்செல் கோப்பாகக் கொடுத்து அனுப்புங்கள். திரும்பி வருபவர்களில் பலர் அப்படிப் போனவர்கள்தான்.

வசதியாக இருக்கிறதா என்று எதை வைத்து அளப்பது?

0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்கும் முறை 2003இல் ஃப்ரெட் ரெய்கெல்ட் பிரபலப்படுத்தியது. எங்கள் பக்கத்தில் அது உதவாது. நேரில் வந்து கேட்டவரின் முகத்துக்காகப் பத்து போடுவார்கள்; மறுநாள் பழைய நோட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அந்த நோட்டைப் பாருங்கள். மென்பொருள் வந்த பின்னும் மேசையில் ஒரு நோட்டு திறந்திருந்தால், அதில் எழுதப்படுவது என்ன என்று பார்த்தாலே உங்கள் அடுத்த ஆறு மாத வேலை தெரிந்துவிடும். பெரும்பாலும் கடன், முன்பணம், கைமாற்று.

செயற்கை நுண்ணறிவு அரட்டைப் பெட்டி வைக்கலாமா?

தமிழ், மலையாளம் இரண்டையும் கலந்து பேசும் குரலைப் புரிந்துகொண்டு சரியான பக்கத்துக்கு அழைத்துப் போகுமானால் வையுங்கள். மனிதரோடு பேச விடாமல் வாசலில் நிறுத்துவதற்காக என்றால் வேண்டாம்.

கோயம்புத்தூரில் தயாரிப்பு மேலாளர் வேலைக்குப் போக விரும்புகிறேன். என்ன படிக்க வேண்டும்?

சான்றிதழ்களுக்குக் காசு கொட்ட வேண்டாம். எழுதப் பழகுங்கள். அமேசானில் ஒரு புதிய பொருளைச் செய்யுமுன் அது வெளிவந்துவிட்டதாகப் பாவித்துச் செய்தி அறிக்கையும் கேள்வி பதிலும் எழுதிப் பார்ப்பார்கள்; அதில் தேறாதது கட்டப்படுவதில்லை. உங்களுக்குத் தெரிந்த ஒரு கடைக்கு, அங்கே உள்ள ஒரே ஒரு சிரமத்துக்கு, அப்படி இரண்டு பக்கம் எழுதுங்கள். யார் சுமந்தார், இனி யார் சுமப்பார், அதற்கு என்ன செலவு என்பது அதில் இருக்கட்டும். நேர்காணலுக்கு அதை எடுத்துக்கொண்டு போங்கள்.

சிறிய நிறுவனம் நாங்கள். தொலைபேசியில் ஆள் வைத்துப் பதில் சொல்வது கட்டுப்படியாகுமா?

ஆகும்படி விலை வையுங்கள். பால் சங்கத்தில் சிக்கல் வருவது காலை ஆறு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும். பத்து முதல் ஆறுவரை இயங்கும் உதவி எண் அங்கே சுவரில் எழுதி வைக்கத்தான் பயன்படும். முறைவைத்து ஒருவர் விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும்; நிரல் எழுதுபவர்களும் அந்த முறையில் சேர வேண்டும். ஒரே கோளாறுக்காக இரண்டு முறை தூக்கம் கலைந்த பொறியாளர் மூன்றாம் முறை அதைக் கட்டாயம் சரிசெய்துவிடுவார். புதுப்பிப்புகளை ஞாயிறு இரவு போடும் நகரத்துப் பழக்கம் இங்கே சரிப்படாது, பசுவுக்கு விடுமுறை இல்லை. காலைப் பால் வண்டி கிளம்பிய பின், முற்பகல் பதினொரு மணிக்கு ஒரே ஒரு சங்கத்தில் போட்டு, மாலைக் கறவை முடியும்வரை பாருங்கள். அங்கிருந்து அழைப்பு வராவிட்டால் மறுநாள் மற்ற சங்கங்களுக்குப் போடலாம்.